லேப் மேல் தப்பில்லை

"புகையிலை போடுவீங்களா?" என்று ஒரு கர்ப்பிணியிடம் கேட்கக் கூடாது. "ஒரு நாளைக்கு எத்தனை தரம் போடுவீங்க?" என்றுதான் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவது சுலபம். இரண்டாவது கேள்வி, போடுவது ஊரில் எல்லோரும் செய்கிற காரியம்தான், கணக்கு மட்டும் சொன்னால் போதும் என்பது போல இருக்கும். எனக்கு வேலை கற்றுத் தந்தவர்கள் அப்படித்தான் கற்றுத் தந்தார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் கேட்டேன்.

போன மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளிடம் பேசுவதற்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. அவர்கள் கையில் காகிதம் இல்லை, டேப்லெட். அந்தக் கேள்வி அதில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தானாகச் சுருங்கிக் கிடந்தது. "மேடம், அவங்க பொய் சொன்னா எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று ஒரு பெண் கேட்டாள். "மூத்திரத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும். புகையிலை உடம்புக்குள் போனால் கோட்டினின் என்று ஒரு பொருளாக மாறி வெளியே வரும், அதை மறைக்க முடியாது" என்று சொன்னேன். சரியான பதில்தான். அது எனக்கு எந்த வழியில் தெரிந்தது என்று சொல்லத்தான் அந்த அறையில் வாய் வரவில்லை. எழுதும்போது யாருக்கும் முகத்தைக் காட்ட வேண்டியதில்லை. அதனால் எழுதுகிறேன்.

கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் நடுவில், பஸ் போகும் ரோட்டிலிருந்து கரிசல் காட்டுக்குள் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கினாள், அதாவது குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகுகிற வேலை. எங்கள் பக்கம் அதை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான். பள்ளிக்கூட லீவில் நானும் பெட்டி ஒட்டப் போவேன். ஒருநாள் பல்வலி தாங்காமல் அழுதபோது பக்கத்தில் இருந்தவள் நகத்தளவு புகையிலையைக் கிள்ளிக் கொடுத்தாள். "கடவாயில அதக்கிக்கோட்டி. எச்சிய மட்டும் முழுங்கிராத" என்றாள். தலை சுற்றி வாந்தி எடுத்தேன். ஆனால் வலி போயிற்று. மத்தியானம் பசியும் எடுக்கவில்லை. அவ்வளவுதான் என் தொடக்கம்.

பிறகு படித்தேன், சமூகவியலில் பட்டம் வாங்கினேன், ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவருக்கு வாழ்க்கைப்பட்டேன். தொண்ணூறுகளின் நடுவில், தீப்பெட்டி வேலை செய்கிற கர்ப்பிணிகளின் புகையிலைப் பழக்கத்தையும் பிறக்கிற பிள்ளைகளின் எடையையும் ஆராய ஒரு குழு கோவில்பட்டிக்கு வந்தபோது, அதில் கள ஆய்வாளராகச் சேர்ந்தேன். இத்தனைக்கும் நடுவில் என் கடவாயில் புகையிலை இருந்துகொண்டேதான் இருந்தது. கைப்பையில் ஒரு பவுடர் டப்பா. அதன் மேலே பஞ்சு, அடியில் புகையிலை. வாசம் தெரியாமல் இருக்கக் கிராம்பு. புருஷனுக்குத் தெரியாது, மாமியாருக்கும் தெரியாது.

எங்கள் மேலதிகாரி மதுரையிலிருந்து வருகிற ஒரு டாக்டர். ஐம்பது வயது தாண்டிய அம்மா. திங்கட்கிழமை காலை ரயிலில் வந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பிப் போவார்கள். எங்கள் ஆய்வு ஆபீசைக் கூட்டுகிற பெண்ணையும் 'வாங்க, போங்க' என்றுதான் சொல்வார்கள். சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார்கள், குரல் இன்னும் இறங்கும். கண்ணாடி மேஜைக்கு வந்துவிட்டால் நாங்கள் ஐந்து பேரும் மூச்சுவிட மாட்டோம்.

பயிற்சியில் எங்களை எதிரெதிரே உட்கார வைத்தார்கள். ஒருத்தி தான் செய்ததிலேயே மோசமான காரியத்தைச் சொல்ல வேண்டும். மற்றவள் புருவத்தைக்கூட அசைக்காமல் கேட்க வேண்டும். "முகத்தைக் கொடுக்காதீங்க" என்பார்கள் டாக்டர். "நீங்க பரிதாபப்பட்டாலும் அவங்க அடுத்த பதிலை மாத்திச் சொல்லுவாங்க. அருவருப்புப்பட்டாலும் மாத்துவாங்க." முகத்தைக் கொடுக்காமல் இருப்பதில் நான்தான் முதல். மற்றவர்களுக்குச் செய்து காட்டும்படி டாக்டரே என்னைக் கூப்பிடுவார்கள். எனக்கு அது கஷ்டமாக இல்லை. வீட்டில் வருடக்கணக்காகச் செய்துகொண்டிருந்ததுதானே.

கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சாப்பாடு, அடுத்து வேலை, பிறகு பல் எதில் தேய்க்கிறார்கள் என்பது. அதற்குப் பின்னால்தான் வெற்றிலை, கடைசியில் புகையிலை. மாமியார் கூட இருந்தால் அவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறோம் என்று இன்னொருத்தி வாசலுக்குக் கூட்டிப் போய்விட வேண்டும். பிறகு மூத்திரத்துக்கு ஒரு பாட்டில். அதன்மேல் எண் மட்டும்தான் இருக்கும், பேர் கிடையாது.

அப்படி நான் போன வீடுகளில் ஒன்று ராமலட்சுமியின் வீடு. இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கும். பெட்டி ஒட்டுகிறவள். இரண்டு பிள்ளைகள் தங்காமல் போய், அப்போது மூன்றாவது, ஐந்தாம் மாதம். ஒட்டிய பெட்டிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அவள் மாமியாரை எஸ்தர் வாசலுக்குக் கூட்டிப் போனாள். எஸ்தர் எங்கள் குழுவில் வயதில் சின்னவள், எனக்கு நல்ல பழக்கம்.

வரிசைப்படி கேட்டுக்கொண்டே வந்தேன். "புகையிலை ஒரு நாளைக்கு எத்தனை தரம் போடுவீங்க?"

ராமலட்சுமி என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"அக்கா, நீங்களும் போடுதீங்களோ?"

என் முகம் அசையவில்லை. "இல்லம்மா. பல்வலி. கிராம்பு வச்சிருக்கேன்."

அவள் சிரிப்பு போய்விட்டது. "நானும் போடுததில்லக்கா. வாசம் வந்துச்சின்னா அது எங்க அத்தை போடுததுதான்."

'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பாட்டிலைக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் எனக்கே நாள் தள்ளிப்போயிற்று. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து. மாமியார் குலசாமி கோவிலுக்கு ஓடினார்கள். எனக்குச் சந்தோஷத்தை முந்திக்கொண்டு பயம் வந்தது. புகையிலை ரத்தக் குழாய்களைச் சுருக்கும், நஞ்சுக்கொடிக்குப் போகிற ரத்தம் குறையும், பிள்ளை வளர்வது தடைப்படும் என்று படம் போட்டு விளக்குகிறவள் நான். அன்றே டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். முதல் நாள் ஓடிவிட்டது. இரண்டாம் நாள் மண்டை பிளந்தது. அதற்கடுத்த நாள் குழம்பில் உப்புக் கூடிப்போனதாகச் சொன்ன புருஷன்மேல் டம்ளரை வீசினேன். மசக்கை என்று மாமியார் சமாதானம் சொன்னார்கள். அதற்கும் மறுநாள் ஆபீசுக்குப் போகிற வழியில் பெட்டிக்கடையில் நின்றேன்.

குறைத்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதையே ஒரு கர்ப்பிணி சொல்லியிருந்தால் 'பழக்கம் தொடர்கிறது' என்றுதான் எழுதியிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஒரு யோசனை சொன்னார்கள். பாட்டில்களைச் சோதிக்கிற லேப் மதுரையில் இருந்தது. அது சரியாகப் பார்க்கிறதா என்று தெரிய வேண்டும். "நீங்க அஞ்சு பேரும் ஆளுக்கொரு பாட்டில் கொடுங்க. மத்த பாட்டிலோட கலந்து, எண்ணைப் போட்டு அனுப்பிடலாம். அஞ்சும் சுத்தமா வரணும். வந்தாத்தான் மத்ததை நம்பலாம்."

ஆபீஸ் கக்கூசில் பாட்டிலோடு நின்றேன். குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடலாமா என்று நினைத்தேன். லேப்காரர்கள் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். எஸ்தரிடம் கேட்கலாமா? என்னவென்று கேட்பது? என்னுடையதைத்தான் கொடுத்தேன். நேர்மையால் இல்லை. வேறு வழி தோன்றவில்லை.

முடிவு வந்த அன்று எல்லோரையும் கூப்பிட்டார்கள். மூக்குக் கண்ணாடி மேஜைமேல் இருந்தது.

"சுத்தமா வரவேண்டிய அஞ்சுல ஒண்ணு சுத்தமா வரலை" என்றார்கள் டாக்டர். "கனியோட பாட்டில்."

எஸ்தர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். மற்றவர்களும் சிரித்தார்கள். "எக்கா, எங்களுக்குத் தெரியாம போடுதீங்களாக்கும்?" என்றாள் ஒருத்தி. நானும் சிரித்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. எங்கள் முன்னாலேயே மதுரைக்குப் போன் செய்தார்கள். லேப்பில் வேலை பார்த்த பையனின் குரல் வெளியே கேட்டது. "மேடம், ரெண்டு தடவை பார்த்துட்டேன் மேடம். மூணாவதும் வேணும்னா பார்க்கிறேன் மேடம்."

"அந்தப் பொண்ணை எனக்குத் தெரியும் தம்பி. உங்க மிஷினைவிட அவங்களை நான் நம்பறேன்."

போனை வைத்துவிட்டுச் சொன்னார்கள். ஒரு பாட்டிலில் இன்னொன்று கலந்துவிட்டது என்றால் எல்லாவற்றிலும் சந்தேகம்தான். அதுவரை வந்த முடிவுகள் அத்தனையையும் தள்ளிவிட வேண்டியதுதான். பாதிப் பெண்களுக்கு இதற்குள் பிரசவம் ஆகியிருக்கும், அவர்களிடம் மறுபடி எடுக்க முடியாது. வெள்ளிக்கிழமை மதுரைக்குப் போனதும் அந்த லேப்போடு கணக்கை முடித்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார்கள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வேலையைவிட்டுப் போ என்றிருந்தாலும் போயிருப்பேன். என்னை நம்பி, ஒன்றும் செய்யாத ஒரு பையனைத் திட்டினார்கள். அன்றைக்கும் மறுநாளும் நான் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்தில் கடலை மிட்டாய் விற்கிறவர்கள் கூடையோடு ரயிலுக்குக் காத்திருந்தார்கள். டாக்டர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போய் நின்றேன்.

"டாக்டர், லேப் மேல தப்பில்ல."

நிமிர்ந்து பார்த்தார்கள். நான் கைப்பையைத் திறந்து பவுடர் டப்பாவை எடுத்து, பஞ்சை நீக்கிக் காட்டினேன். பக்கத்தில் ஒரு குடும்பம் புளியோதரை தின்றுகொண்டிருந்தது. அவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று அந்த நேரத்திலும் டப்பாவை முந்தானையால் மறைத்துக்கொண்டேன்.

டாக்டர் படித்துக்கொண்டிருந்ததை மூடி வைத்தார்கள். பிறகு, பயிற்சியில் சொல்லித்தந்த அதே குரலில், முகம் அசையாமல் கேட்டார்கள்.

"ஒரு நாளைக்கு எத்தனை தரம்?"

"மூணு தரம் டாக்டர்."

"பாட்டில்ல வந்த அளவு மூணு தரத்துக்கு வராது, கனி."

உண்மையைச் சொல்ல வந்த இடத்திலும் குறைத்துத்தான் சொல்லியிருந்தேன். ஏழெட்டுத் தரம் என்று திருத்திச் சொன்னேன். ரயில் வருகிற மணி அடித்தது. டாக்டர் எழுந்தார்கள். "அந்தத் தம்பிகிட்ட நான் நேர்ல போய் மன்னிப்புக் கேக்கணும்" என்றார்கள், தனக்குத்தானே சொல்வது போல. ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாக, "திங்கட்கிழமை வாங்க. வராம இருந்துடாதீங்க" என்றார்கள்.

போனேன். "லேப் மேல் தப்பில்லை. நாமதான் தப்பாக் கணிச்சிட்டோம்" என்று மட்டும் எல்லோர் முன்னாலும் சொன்னார்கள் டாக்டர். அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. முந்தின வாரம் சிரித்தவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. பிறகு தனியாகக் கூப்பிட்டு, "நீங்க இனி கேள்வி கேக்க வேண்டாம். பிறக்கிற பிள்ளைங்களுக்கு எடை பாருங்க. உங்களுக்குச் சம்மதம்னா, ஆய்வுல உங்களையும் ஒரு கர்ப்பிணியாச் சேர்த்துக்கறோம்" என்றார்கள். சம்மதித்தேன். அந்த நிலைமையில் எதற்குமே சம்மதித்திருப்பேன்.

என்னைக் கேள்வி கேட்க வீட்டுக்கு வந்தவள் எஸ்தர். என் மாமியாரை இன்னொருத்தி ரத்த அழுத்தம் பார்க்க வாசலுக்குக் கூட்டிப் போனாள். சாப்பாடு, வேலை, பல் தேய்ப்பது எல்லாம் வரிசை தவறாமல் வந்தது. கடைசிக் கேள்வியைக் கேட்டபோது எஸ்தரின் புருவம்கூட அசையவில்லை. நான் சொல்லிக்கொடுத்த முகம். அதை அதுவரை இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்து பார்த்தபோது அடைத்த கதவு போல இருந்தது. 'ஐயோ அக்கா, ஏங்க்கா இப்படி?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அவள் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள். எத்தனை வீட்டில் எத்தனை பேருக்கு இந்த முகத்தைக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்போது நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமலட்சுமியின் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு ஏழாம் மாதம். மாமியார் தண்ணீருக்குப் போயிருந்தார்கள். கையில் காகிதம் இல்லாமல் போனதால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"அன்னைக்கு நான் சொன்னது பொய், ராமு. நானும் போடுதேன்."

அவள் பெட்டி ஒட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும்க்கா."

"தெரிஞ்சா ஏன் நீ போடுததில்லன்னு சொன்ன?"

"ஒங்க வாயில வாசம் வந்ததும் எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? படிச்ச அக்கா, நம்மள மாதிரிதான் இருக்காவ, இவியகிட்ட எல்லாத்தையும் சொல்லிரலாம்னு நெனச்சேன். நீங்க கிராம்புன்னீங்க. சரி, படிச்சவியளே மறைக்க வேண்டிய சங்கதியா இருக்கும்போலன்னு நானும் மறைச்சிட்டேன்."

"சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பேன். மொத ரெண்டும் இதுலதான் போச்சான்னு கேட்டிருப்பேன்." பசைக் கையைச் சேலையில் துடைத்தாள். "எப்படிக்கா இத விடுதது?"

எனக்குப் புகையிலை நஞ்சுக்கொடியை என்ன செய்யும் என்று தெரியும், கோட்டினின் என்றால் என்னவென்று தெரியும். எங்கள் காகிதங்களில் அவ்வளவு கேள்விகள் இருந்தன, எப்படி விடுவது என்று ஒரு வரி இல்லை. "ரெண்டு பேரும் கொறைப்போம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எட்டாம் மாதம் அவளுக்கு வலி வந்துவிட்டது. பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை.

இறந்து பிறந்தாலும் எடை பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. நான் தராசோடு பிரசவ வார்டுக்குப் போனபோது எனக்கு நாலாம் மாதம் தொடங்கியிருந்தது, அது நர்ஸுக்கும் தெரியும். "நீங்க மாசமா இருக்கீங்க, தொடாதீங்க. வேற யாரையாவது வரச் சொல்லுங்க" என்றார் நர்ஸ். ராமலட்சுமியின் மாமியாரும் ஆகாது என்றார்கள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பாமலேயே சொன்னாள்: "அந்தக்காவே எடுக்கட்டும்."

ஆண் பிள்ளை. தொங்கு தராசைக் கொக்கியில் மாட்டினேன். வெறும் துணியைத் தொங்கவிட்டு முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். பிள்ளையைத் துடைத்துத் துணியில் கிடத்தினேன். ஆட்டம் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். உயிருள்ள பிள்ளை என்றால் காலை உதைக்கும், முள் ஆடிக்கொண்டே இருக்கும். இது உடனே நின்றுவிட்டது. கண்மட்டத்துக்குக் குனிந்து பார்த்தேன். இறக்கி, மறுபடி ஏற்றி, மறுபடி பார்த்தேன். இரண்டு தடவையும் ஒரே இடம்.

"எவ்வளவுக்கா?"

"ஒண்ணரை கிலோவுக்குக் கொஞ்சம் கூட."

"அதனாலதானா?"

டாக்டர் எங்களுக்குச் சொல்லித்தந்திருந்ததைச் சொன்னேன். "ஒரு பிள்ளைய வச்சு அப்படிச் சொல்ல முடியாது, ராமு. நெறைய பேரச் சேத்துப் பாத்தாத்தான்…" பாதியிலேயே நின்றுவிட்டேன். சொன்னது பொய் இல்லை. ஆய்வு கூட்டத்தைப் பற்றித்தான் பேசும், ஒரு பிள்ளை ஏன் போயிற்று என்று சொல்லாது. ஆனால் அந்தக் கட்டிலின் பக்கத்தில் நின்று சொன்னபோது, அந்த வாக்கியம் அவளுக்கு ஆறுதல் சொல்வதற்காக வரவில்லை, என்னைக் காப்பாற்றிக்கொள்ள வந்தது என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. அவள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்குப் பெண் பிறந்தாள். எஸ்தர்தான் எடை பார்த்தாள். இரண்டு கிலோ. இருக்க வேண்டியதைவிடக் குறைவு. ஆனால் முள் நிற்காமல் ஆடியது. உதைத்துக்கொண்டே இருந்தாள். கடைசிவரை நான் குறைக்கத்தான் செய்தேன், விடவில்லை. முழுதாக விட்டது அவளுக்கு இரண்டு வயதான பிறகுதான். அந்தக் கதையில் பெருமைப்பட ஒன்றுமில்லை, நாலைந்து தடவை விட்டுவிட்டு மறுபடி தொடங்கித்தான் விட்டேன். அவளுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது, நன்றாக இருக்கிறாள். பிறந்தபோது என்ன எடை என்று யார் கேட்டாலும் ரெண்டரை கிலோ என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தேன்.

அவள் பிறந்த செய்தியை ராமலட்சுமிக்குத் தெரியவிடக் கூடாது என்று நினைத்தேன். உயிரோடு இருக்கிற பிள்ளையை அவளுக்கு எந்த முகத்தோடு காட்டுவது? ஆனால் ஒரு மாதம் கழிந்த ஒரு காலையில் அவளே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு புதுத் துண்டும் ஒரு பொட்டலம் கற்கண்டும் இருந்தன. மாமியார் உள்ளே வரச்சொல்லி, பாயை விரித்து, மடியில் இருந்த பிள்ளையை அவளிடம் நீட்டினார்கள்.

ராமலட்சுமி கை நீட்டவில்லை. "இருங்க அத்தை" என்றாள். "வாயில புகையில கெடக்கு. பச்சப் பிள்ள, மூஞ்சில வாய்க் காத்துப் படக் கூடாது."

என் மாமியார் என்ன நினைப்பார்கள் என்று அவள் யோசித்ததாகவே தெரியவில்லை. எழுந்து பின்பக்கம் குழாயடிக்குப் போனாள். துப்பிவிட்டு, ஒருதரம், இன்னொருதரம் என்று வாயைக் கொப்பளிக்கிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது.

அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் நான் பிள்ளைக்குப் பால் கொடுத்து, முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சி, மாமியார் மடியில் விட்டிருந்தேன். அதற்கு முன்னால் போட்டது அப்போதும் என் கடவாயில் இருந்தது. எழுந்தேன்.

"எங்கட்டி எந்திரிக்க?" என்றார்கள் மாமியார்.

"நானும் வாய் கழுவணும் அத்தை" என்றேன். "எனக்கும் புகையில கெடக்கு."

அவர்கள் முகத்தைப் பார்க்காமல் பின்பக்கம் போனேன். ராமலட்சுமி குழாயை அடைக்காமல் தள்ளி நின்று எனக்கு இடம் விட்டாள்.